இருநூற்றுப் பன்னிரண்டு குழாய்களும் ஓர் அன்பரும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் தானாக முளைத்தது அல்ல. பொங்கல் கழிந்த மறுவாரம் பண்ருட்டி முந்திரி வியாபாரி ராமாமிர்தம் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுக்கு வந்தார். ஒரு கிலோ முழு முந்திரியை மேசைமேல் வைத்தார். எட்டுப் பக்கத்துக்கு ஒரு கதை வேண்டும் என்றார்.

அவர் தலைவராக இருக்கும் அறக்கட்டளை ஐந்தாம் ஆண்டு மலர் போடுகிறது. தலைப்பையும் அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார்: 'தண்டுவட மரப்பு நோய் ஆராய்ச்சிக்கு அறக்கட்டளைகள் ஆற்றிவரும் அரும்பணி.' கட்டுரையாகப் போட்டால் ஒருவரும் படிக்க மாட்டார்கள், கதையாகப் போட்டால் தன் மனைவியாவது படிப்பார் என்பது அவருடைய கணிப்பு. முடிவு மட்டும் மங்களமாக இருக்க வேண்டுமாம்.

"கதை எத்தனை பகுதி வரும் சார்?"

ஏழெட்டு வரலாம் என்றேன்.

"அப்ப பகுதிக்கு ஒரு உபயதாரர் போட்டுடலாம். நம்பருக்குக் கீழயே பேரு வந்துடணும். சின்ன எழுத்து வேணாம், அவுங்க சங்கடப்படுவாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. (முந்திரியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறேன்.)

2

(இந்தப் பகுதி உபயம்: பழனிவேல், எலெக்ட்ரிகல்ஸ் கடை, கம்மாபுரம்)

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

'வங்கக் கடலின் கரையில் தொன்மைச் சிறப்போடு விளங்கும் கடலூர் நகரில்' என்று ஆரம்பித்தேன். மலரைப் படிக்கப்போகிறவர்கள் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள். எங்கே விளங்குகிறது என்று அவர்களுக்கே தெரியும். அடித்துவிட்டேன்.

'சந்திரலேகாவின் வலது கால் ஒரு நாள் அவரிடம் விடைபெற்றுக்கொண்டு' என்று இன்னொன்று. இதைச் சந்திரலேகாவிடமே போனில் படித்துக் காட்டினேன். அவர் மஞ்சக்குப்பத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், முப்பத்தொன்பது வயது, நோயாளி என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "காலு எங்கயும் போவல சார். இங்கதான் கெடக்கு. சொன்னா கேக்க மாட்டேங்குது, அவ்ளோதான்" என்றார். அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது, அறிவியல் தொடக்கம். நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி வழி தவறி, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையையே அரிக்கிறது. உறை போன இடத்தில் செய்தி தடுமாறுகிறது. ஒருவருக்குக் கால், ஒருவருக்குக் கண், ஒருவருக்கு வெறும் அசதி. ஏன் வருகிறது என்று முழுசாகத் தெரியாது. கட்டுப்படுத்த மருந்துகள் உண்டு, அடியோடு போக்க இதுவரை இல்லை. மேலுறை உரிந்த மின்கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். (இந்த உவமை என்னுடையது அல்ல. பழனிவேல் உபயம். கம்பியைப் பற்றி ஒரு வரியாவது வர வேண்டும் என்று கேட்டிருந்தார். பொருத்தமாகத்தான் இருக்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல்.)

3

(இந்தப் பகுதி உபயம்: ஸ்ரீதர் லாரி சர்வீஸ், பண்ருட்டி)

ராமாமிர்தத்தை ஒரு பாத்திரமாக வைப்பதில் எனக்குப் பயம் இருந்தது. அப்படியே எழுதினால் கேலி செய்கிறேன் என்பார்கள். மாற்றி எழுதினால் அவர் இல்லை. அதனால் அவருடைய தம்பியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்பிக்கு இருபத்தாறு வயதில் பார்வை மங்கியது. கண்ணாடி மாற்றினார்கள். பிறகு கை மரத்தது, சத்து மாத்திரை கொடுத்தார்கள். பிறகு நடை தள்ளாடியது, குடிக்கிறான் என்று பெண் வீட்டார் நிச்சயத்தை முறித்தார்கள். பேய் விரட்டினார்கள், எண்ணெய் தேய்த்தார்கள். ஆறு வருடம் கழித்துத்தான் நோயின் பெயரே தெரிந்தது. அப்போது தம்பி படுக்கையில் இருந்தார், அடுத்த வருடம் இல்லை. "பேரு தெரிஞ்ச அன்னிக்கி அவன் சிரிச்சான் சார். நான் குடிகாரன் இல்லன்னு எழுதி வாங்கி அந்த வீட்ல குடுங்கன்னான்" என்று ராமாமிர்தம் என்னிடம் சொன்னபோது முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நானும் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்படிப் பிறந்த அறக்கட்டளை இது. இப்படிப்பட்ட அமைப்புகள் மருந்து கண்டுபிடிப்பதில்லை. யாரும் பணம் தராத வேலைகளுக்குத் தருகின்றன: ஓர் இளம் ஆய்வாளருக்கு ஒரு வருடச் சம்பளம், ஒரு குளிர்பெட்டி, ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு பஸ் செலவு. எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்று ஊர் ஊராகப் பதிவேடு எடுக்கின்றன. அசதியைப் பற்றி ஏன் ஒருவரும் ஆராய்வதில்லை என்று நோயுள்ளவர்களையே ஆய்வாளர் எதிரில் உட்காரவைத்துக் கேட்க வைக்கின்றன. பெரிய நாட்டுப் பெரிய அறக்கட்டளைகள் செய்வதும் இதுதான், ராமாமிர்தம் செய்வதும் இதுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று, அது அடுத்த பகுதியில் வருகிறது.

(ஒரு லாரி கடந்துபோனது. ஸ்ரீதருடையது. போதும் என்று நினைக்கிறேன்.)

4

சிதம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடம். தெருப் பெயர் வேண்டாம். அங்கே அரவிந்தன் என்ற ஆய்வாளர் இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் போன வருடம் மார்ச்சில் ரத்தம் எடுத்தார். ஒருவருக்கு ஒரு குழாய், சுண்டுவிரலின் பாதி அளவு, உள்ளே ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர் பத்துச் சொட்டு. அடுத்த மார்ச்சில் அதே ஆட்களைத் திரும்பப் பார்ப்பது. யாருக்கு நோய் முற்றியிருக்கிறது, அது முந்தைய வருட ரத்தத்திலேயே தெரிந்திருக்குமா என்று தேடுவது. இதுதான் ஆராய்ச்சி. தெரிந்துவிட்டால், முற்றுவதற்கு முன்பே மருந்தை மாற்றலாம்.

குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும். எண் யாருடையது என்ற பட்டியல் அரவிந்தனின் பூட்டிய அலமாரியில் இருந்தது.

இதற்கெல்லாம் கொடை திரட்டத்தான் ராமாமிர்தம் திண்டாடினார். நம் ஊரில் கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. கோயில் டியூப்லைட், பஸ் நிறுத்தத்து நாற்காலி, பள்ளிக்கூடத்து மின்விசிறியின் மூன்று இறக்கை, எதையும் கொடுப்பார்கள். ஆனால் கொடுத்தது கண்ணில் பட வேண்டும், அதன்மேல் பெயர் இருக்க வேண்டும். ஆராய்ச்சியின் மேல் எங்கே பெயர் எழுதுவது? ஒரு நாள் அரவிந்தனின் குழாய்களைப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு. மனிதருக்கு வழி பிறந்துவிட்டது.

இருநூற்றுப் பன்னிரண்டு கொடையாளர்கள் இரண்டே மாதத்தில் சேர்ந்தார்கள். புதிய குளிர்பெட்டி வந்தது. ஜூனில் அதற்குத் திறப்பு விழா. பழைய பெட்டியிலிருந்து குழாய்களை உலர்பனியில் (டிரை ஐஸ்) வைத்து மாற்ற வேண்டும். 'பெட்டியின் கதவில் கொடையாளர் பெயர்களை ஒட்டிக்கொள்ளலாம்' என்று அரவிந்தன் அனுமதி கொடுத்திருந்தார். கதவு என்று அவர் சொன்னது ராமாமிர்தத்துக்கு ஓர் அடக்கமான ஆரம்பமாகவே பட்டது.

விழா மேடையில் அரவிந்தனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கொடையாளர் ஒவ்வொருவரும் தன் கையால் போர்த்துவேன் என்றார்கள். இரண்டு மணி நேரம் அவர் மேடையை விட்டு அசைய முடியவில்லை, ஒரு கட்டத்துக்கு மேல் துண்டுகளுக்கு நடுவே கண் மட்டும்தான் தெரிந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் கீழே அறக்கட்டளைத் தொண்டர்கள் உலர்பனிக்குள் கைவிட்டுக் கைவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் 'உபயம்' என்று ஆரம்பிக்கும் ஒரு சீட்டை ஒட்டிவிட்டார்கள். பட்டம், பதவி, ஊர், செல் நம்பர் எல்லாம் இருந்ததால் சில சீட்டுகள் குழாயை மூன்று சுற்றுச் சுற்றின. எண் இருந்த இடத்தின் மேலேயேதான் ஒட்டினார்கள். வேறு இடம் அதில் கிடையாது.

(இந்தப் பகுதிக்கு உபயதாரர் கிடைக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் நாலு பேர் விலகிக்கொண்டார்கள்.)

5

இந்த மார்ச்சில் குளிர்பெட்டியைத் திறந்தார்கள். அரவிந்தன் முதல் குழாயை எடுத்தார். 'உபயம்: ஸ்ரீதர் லாரி சர்வீஸ்.' சீட்டை உரித்தார், எண்ணும் சேர்ந்து உரிந்து வந்தது. பசை உறைந்து இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தன, மை கரைந்திருந்தது. இன்னொன்றை எடுத்தார். 'உபயம்: பழனிவேல்.' மொத்தப் பெட்டியும் கடலூர் மாவட்டத்துப் பெரிய மனிதர்களால் நிறைந்திருந்தது. நோயாளி ஒருவர்கூட இல்லை.

அவர் கத்தவில்லையாம். கூடத்தில் வேலை பார்க்கும் மோனிகா சொன்னது: தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தார், பிறகு சிரிப்பு மாறிவிட்டது.

செய்தி எப்படியோ கொடையாளர்களுக்கு எட்டியது, ஆனால் பாதிதான் எட்டியது. தங்கள் குழாயில் ஏதோ கோளாறு என்று புரிந்துகொண்டார்கள். ஸ்ரீதர் தினமும் போன் செய்து "என் குழா எப்டி இருக்கு" என்று விசாரித்தார். சிப்காட் பக்கம் கேன்டீன் நடத்தும் தமிழ்மணி, தன் குழாய் ரிசல்ட் சரியில்லை என்று யாரோ விளையாட்டுக்குச் சொன்னதை நம்பி, உப்பைக் குறைத்துவிட்டார். இதையெல்லாம் நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் இன்னும் நம்பும்படி செய்திருப்பேன்.

இங்கே நான் கதையைச் சிரிப்பாகவே முடித்துவிடப் பார்த்தேன். எழுதியும்விட்டேன். அப்போதுதான் சந்திரலேகா வந்தார்.

ஆட்டோவிலிருந்து இறங்கி என் வாசற்படி மூன்றையும் ஏற அவருக்குப் பிடித்த நேரம் எனக்குத் தெரியும், நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். கையை நீட்டினால் திட்டுவார். உள்ளே வந்து உட்கார்ந்து, மின்விசிறியைக் கூட்டச் சொன்னார். வெயில் ஏறினால் அவருக்குக் கால் இன்னும் கேட்காது.

கற்றுக்கொடுப்பவர் பக்கமும் காரில் ஒரு பிரேக் உண்டு. பதினோரு வருடம் அதை நம்பித்தான் ஊர்ப் பெண்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். போன மார்ச்சில் ரத்தம் கொடுத்தபோதும் அவர் அந்த வேலையில்தான் இருந்தார். ஆகஸ்டில் கெடிலம் பாலத்துக்கு முன்னால் ஒரு பெண் பதறி ஆக்சிலேட்டரை அமுக்கிவிட்டார். சந்திரலேகா பிரேக்கை மிதித்தார். மிதித்ததாக நினைத்தார். கால் அசையவில்லை. இளநீர் வண்டி ஒன்று சாய்ந்தது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே காரை விற்கச் சொல்லிவிட்டார்.

"அந்த ரத்தம் நான் பிரேக் மிதிச்ச காலத்து ரத்தம் சார். இனிமே கேட்டாலும் அது எங்கிட்ட கெடையாது. இந்த ஒரு வருசத்துல எனக்குப் போனது போச்சு. அது எப்டிப் போச்சுன்னு அந்தக் குழாயப் பாத்தாத் தெரியும்னு சொன்னாங்க. இன்னொரு பொண்ணுக்குப் போவாம இருக்கும்னாங்க. இப்ப அது யாரு ரத்தம்னே தெரியலன்னா, நான் சும்மா விழுந்தவளா சார்?"

சிரிப்பாக எழுதி வைத்திருந்த முடிவைக் கிழித்தேன். ராமாமிர்தத்துக்கு மங்கள முடிவு வேண்டும், எனக்கு நல்ல முடிவு வேண்டும், இவருக்கு அந்தப் பத்துச் சொட்டு வேண்டும். மூன்றில் நியாயமானது எது என்று உங்களுக்கே தெரியும்.

6

(இந்தப் பகுதி உபயம்: தமிழ்மணி கேன்டீன். உப்பு பற்றி எழுதியதை எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறார். பரிசீலிக்கிறேன்.)

வழி கண்டுபிடித்தவர் சௌந்தரம் டீச்சர். அறக்கட்டளையின் செயலாளர், முப்பத்து நாலு வருடம் அரசுப் பள்ளியில் இருந்தவர். திறப்பு விழாவில் ஒட்டிய கையோடு கொடையாளர்களுக்குச் சான்றிதழ் எழுதியவரும் அவரே. எண் இல்லாத சான்றிதழ் செல்லாது என்பது டீச்சரின் வாழ்நாள் நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு குழாயிலும் சீட்டு ஒட்டும் முன் அதன் எண்ணைப் படிக்கச் சொல்லி, அந்தக் கொடையாளரின் சான்றிதழில் அதையே எழுதியிருந்தார். நகல் எடுக்கவில்லை. பாராட்டுச் சான்றிதழுக்கு யாராவது கார்பன் வைப்பார்களா?

ஆக, ஆராய்ச்சியின் சாவி இப்போது மாவட்டம் முழுக்கச் சுவர்களில் சட்டம் போட்டுத் தொங்கியது.

டீச்சர், சந்திரலேகா, நான் மூவரும் ஸ்ரீதர் கொடுத்த வேனில் கிளம்பினோம். டிரைவர் பக்கத்து இருக்கையில் சந்திரலேகா. வளைவுக்கு வளைவு அவனைத் திருத்திக்கொண்டே வந்தார், வடலூர் தாண்டுவதற்குள் அவன் என்னைப் பின்னால் திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். பண்ருட்டி, கம்மாபுரம், சிப்காட், மறுபடி பண்ருட்டி என்று ஒன்பது நாள். சான்றிதழ்கள் சாமி படங்களுக்கு நடுவில் இருந்தன, கல்லாப்பெட்டிக்கு மேலே இருந்தன, ஒன்று சலூன் கண்ணாடிக்கு எதிரில் முகம் மழிக்கிறவர் படிப்பதற்கு வாகாக இருந்தது. ஒருவர் ஆடி பிறந்திருக்கும்போது சுவரிலிருந்து எதையும் இறக்க மாட்டேன் என்றார்.* இறக்க வேண்டாம், ஸ்டூல் கொடுங்கள் என்று டீச்சர் ஏறிப் படித்துக்கொண்டார். இன்னொருவர் வீட்டில் எண்ணின் மேல் குங்குமம் வைத்துவைத்து மறைந்திருந்தது, பின்பக்கம் வெளிச்சம் பிடித்துப் பார்த்தோம்.

* மார்ச்சில் ஆரம்பித்தது ஆடிக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இடையில் நாலு மாதம் யார் தவறு என்று பேசினார்கள். அதை நான் எழுதவில்லை, நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு எண்ணாகக் கிடைக்கும்போதும் சந்திரலேகா நோட்டில் எழுதுவார். பெயர், எண், பெயர், எண். நூற்றி எண்பது தாண்டியபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, எனக்கும் வந்தது. மங்கள முடிவு வந்தேவிட்டது என்று நினைத்து வேனிலேயே நாலு வரி எழுதினேன். 'அன்று மாலை சிதம்பரத்தின் வானம்' என்று ஆரம்பித்து

7

அதை எழுதி முடிக்கவில்லை. காரணம் சொல்கிறேன். இதை நான் முதல் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இருநூற்றுப் பத்து குழாய்களுக்கு எண் கிடைத்துவிட்டது. பாக்கி இரண்டு. இரண்டிலும் ஒரே சீட்டு: 'உபயம்: ஓர் அன்பர்.' இத்தனை பேரில் பெயர் வேண்டாம் என்று சொன்னவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரால்தான் தேடல் நின்றது.

ஒருவர் யாரென்றே தெரியாது. ராமாமிர்தத்தின் கடை உண்டியலில் பணத்தோடு 'பெயர் போட வேண்டாம்' என்று துண்டுத்தாள் போட்டவர். முகவரி இல்லாதவருக்கு டீச்சர் சான்றிதழ் எழுதுவதில்லை. இன்னொருவருக்கு முகவரி உண்டு. ஒன்பதாம் நாள் மாலை வேன் திருப்பாதிரிப்புலியூருக்குள் திரும்பியதும் டீச்சர் பட்டியலைப் பார்த்து, "கடைசியா உங்க வீடுதான் சார்" என்றார்.

ஆமாம். அந்த அன்பர் நான்தான். ஒன்பது நாளும் வேனில் இது எனக்குத் தெரியும். மற்றக் குழாயின் எண் எப்படியாவது கிடைத்துவிட்டால் நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்று தெரிந்தால் மற்றது தானே தெரிந்துவிடுமே.

என்னிடம் சான்றிதழ் இல்லை. போகிக்குக் கொளுத்திவிட்டேன். பழைய தாள்களோடு தவறிப் போனது என்று எழுதலாம், எழுதியும் பார்த்தேன், பொய். வேண்டுமென்றேதான் கொளுத்தினேன். பெயர் வேண்டாம் என்று கொடுத்ததில் ஒரு பெருமை இருந்தது, அந்தப் பெருமைக்குச் சாட்சியையும் எரித்துவிட்டால் பெருமை இரட்டிப்பாகும் என்று நெருப்பின் முன் நின்றபோது தோன்றியது. ஊரெல்லாம் தன் பெயரை மாட்டி வைத்ததால் ஆராய்ச்சி பிழைத்தது. என் அடக்கத்தால் இரண்டு பேரின் ரத்தம் அனாதையானது. வெட்கமாக இருக்கிறது. இதை மலரில் போடுவார்களா தெரியவில்லை.

மிச்சமிருந்த எண்கள் 46, 131. அலமாரிப் பட்டியலில் ஒன்று சந்திரலேகா. மற்றொன்று ராஜாமணி, கடலூர் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவர், இந்த ஒரு வருடத்தில் அவருக்கு இடது கண் மங்கிவிட்டது. எந்தக் குழாய் எந்த எண் என்று சோதித்துப் பார்க்க முடியாதா என்று அரவிந்தனைக் கேட்டேன். முடியுமாம். ஆனால் இருப்பது பத்துச் சொட்டு. யாருடையது என்று கண்டுபிடித்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மிச்சம் இருக்காது.

ஒன்று மட்டும் மீதி இருந்தது. நான் பெட்டியில் இருக்கும் என் குழாயை அடையாளம் காட்டியிருந்தேன். திறப்பு விழாவில் என் சீட்டை ஒட்டும்போது டீச்சர் எடுத்த படத்தில் அது முதல் வரிசை மூலையில் இருந்தது, பெட்டியிலும் அங்கேயே இருந்தது. அதனால் சான்றிதழில் இருந்த எண்ணை நான் நினைவுபடுத்திச் சொன்னால் போதும். அரவிந்தன் ஒரு படிவம் கொடுத்தார். நிச்சயமாக நினைவிருந்தால் மட்டும் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

46. 131. மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டையும் பார்த்த மாதிரியே இருந்தது. கதை எழுதுகிறவன் நினைவுக்கு அது ஒரு வியாதி, எதைச் சொன்னாலும் ஆமாம் என்னும்.

8

படிவத்தோடு வீட்டில் இருந்தபோது சந்திரலேகா போன் செய்தார்.

"சார், நீங்க எத்தனையோ பேரையும் ஊரையும் இட்டுக்கட்டி எழுதுறவரு. ஒரே ஒரு நம்பர் எழுதக் கூடாதா? யாரும் கேக்கப் போறதில்ல."

உண்மைதான். ஒருவரும் கேட்க முடியாது. பாதிக்குப் பாதி வாய்ப்பு சரியாகவே இருக்கலாம். நான் பேனாவை எடுத்துவிட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. எந்த எண்ணை எழுதினாலும் சந்திரலேகா ஆராய்ச்சிக்குள் வந்துவிடுவார், ராமாமிர்தத்துக்கு மங்களம் கிடைத்துவிடும், நான் செய்த தப்பு துடைக்கப்பட்டுவிடும். முடிவு ஒன்று: 46. முடிவு இரண்டு: 131. கதையில் இரண்டுமே நன்றாக இருக்கும், அதுதான் பயமாக இருந்தது.

பாதி ரத்தம் ராஜாமணியுடையது, அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். நேரம் கடத்தத்தான் சொன்னேன். சந்திரலேகா மறுநாளே துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சிதம்பரத்தில் அரவிந்தனின் அறையில் எல்லாரும் கூடினோம். ராஜாமணி வரவில்லை, படகு வரும் நாள். அவர் சொன்னதைச் சந்திரலேகா சொன்னார். ஐஸ் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ராஜாமணி கேட்டாராம், "படகு நம்பர மாத்தி எழுதுனா என்னாவும் தங்கச்சி? அவன் மீன நான் எடுத்துக்குனு போவேன், என் கடன அவன் கட்டுவான். கடலுக்கு ஒண்ணும் இல்ல. கரைலதான் ரெண்டு குடும்பம் அடிச்சிக்கும்." அவருக்கும் அந்த ரத்தம் வேண்டும்தான். கண் நன்றாக இருந்த நாளின் ரத்தம் அது.

 சந்திரலேகா என் பக்கம் திரும்பினார்.

"தப்பா போச்சுன்னா அவரு கண்ணு போனது என் ரத்தத்துல தேடுவாங்க. என் காலு போனது அவரு ரத்தத்துல. இல்லாத ஒண்ண இருக்குன்னு கண்டுபுடிச்சு, அத நம்பி இன்னொரு பொண்ணுக்கு மருந்து குடுப்பாங்க. வேணாம் சார். தெரியலன்னு எழுதுங்க."

எழுதினேன். 'எனக்குத் தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பது வருடமாக எழுதுகிறேன், இந்த இரண்டு சொல்லை எழுதியதில்லை. ராமாமிர்தம் சுவரோரமாக நின்று அழுதார், சத்தம் போட்டுத்தான் அழுதார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

இரண்டு குழாய்களும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கப்பட்டன. இருநூற்றுப் பத்து போதும், கணக்கு நிற்கும் என்றார் அரவிந்தன். சந்திரலேகாவுக்கு அந்த ஒரு வருடம் போனது போனதுதான். அதற்கு நான் ஆறுதல் எழுத மாட்டேன்.

9

அறக்கட்டளை ஆராய்ச்சியை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கிறது. புதிதாகச் சேர்பவர்களோடு இந்த இருவரும் முதல் வருடத்துக்காரர்களாகத் திரும்பவும் சேரலாம். இன்றைக்கு இருக்கிற காலோடு, இன்றைக்கு இருக்கிற கண்ணோடு. கொடையாளர் பெயர்களை ராமாமிர்தம் இப்போது ஆய்வுக்கூடத்தின் வெளிச்சுவரில் எழுதுகிறார். சுவர் நிறைந்து, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சந்திரலேகா யோசிக்கவில்லை. அன்றைக்கே கையை நீட்டினார். பத்துச் சொட்டு எடுத்து, எண் ஒட்டி, மோனிகா குளிர்பெட்டிக்குள் வைத்தார்.

முதல் வருடத்துக்காரர்கள் எல்லாரும் நடந்து காட்ட வேண்டும். நடைக்கூடத்தில் இருபத்தைந்து அடிக்கு இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள். முடிந்த வேகத்தில், பத்திரமாக, இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு. எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்வார்கள். விழுந்தால் பிடிக்க மோனிகா கூடவே நடக்க வேண்டும், அதனால் ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தை என் கையில் கொடுத்துவிட்டார். போன வருடம் எத்தனை வினாடி என்று சந்திரலேகா கேட்கவில்லை. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கோட்டில் நின்றார்.

இங்கேதான் உங்களைக் கேட்கிறேன். என் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்று பார்த்து நிறுத்திவிடும். நாலாவது அடியில் அவர் நிமிர்ந்து பார்க்கும்போது நிறுத்தும். அல்லது தடுமாறும்போது நிறுத்தி உங்களை அழ வைக்கும். இந்த வேலைக்கு அந்தக் கை ஆகாது. கடிகாரத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர் கிளம்பிவிட்டார். பொத்தானை அழுத்திவிட்டேன், ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு காலும் அந்தப் பக்கத்துக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் நிறுத்த வேண்டும். நடுவில் அவர் நின்றாலும் நிறுத்தாதீர்கள்.